தலைவர் படுக்கையில் இருக்கும்போது

கம்பெனி செக்ரட்டரி படிப்பை முடித்துவிட்டு டில்லிக்குப் பயிற்சிக்கும் முதல் வேலைக்கும் வருகிற தமிழ்ப் பிள்ளைகளில் பலர் கரோல் பாக்கில்தான் அறை எடுத்துத் தங்குகிறார்கள். அவர்களில் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டுக்கு வந்து சட்டம் கேட்பார்கள். போர்டு கூட்ட நோட்டீஸ், மினிட்ஸ், ஆண்டறிக்கை, அபராதம் என்று எல்லாவற்றையும் கேட்பவர்கள் ஒன்றை மட்டும் கேட்டதில்லை. நிர்வாக இயக்குநர் ஒரு நாள் காலையில் மயங்கி விழுந்து ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டால், அன்று செக்ரட்டரி என்ன செய்ய வேண்டும்? இந்தத் தொழிலில் நெடுநாள் இருக்கப்போகிற உங்களுக்கு அந்தக் காலைநேரம் ஒருமுறையாவது வரும். அதனால் நீங்கள் கேட்காமலே எழுதித் தருகிறேன்.

1. ஊரார் விசாரிப்பதை வெறும் வம்பு என்று நினைக்காதீர்கள்.

அஜ்மல் கான் சாலைக்குத் துணி வாங்கப் போகிறீர்கள் அல்லவா? பிரிவினையின்போது சியால்கோட்டிலிருந்து அகதியாக வந்து, சில காலம் குதிரை வண்டி ஓட்டிப் பிழைத்த தரம்பால் குலாட்டி, 1948-இல் மசாலாக் கடை போட்டது அந்தச் சாலையில்தான். 1959-இல் கீர்த்தி நகரில் தொழிற்சாலைக்கு இடம் வாங்கினார். எம்.டி.எச். என்று இன்று நாடெங்கும் விற்கிற மசாலா அப்படி வளர்ந்தது. தலைப்பாகையும் வெள்ளை மீசையுமாக அவருடைய முகமே பாக்கெட்டில் இருந்தது, தொலைக்காட்சி விளம்பரத்திலும் அவரே வந்தார். 2018 அக்டோபரில் அவர் இறந்துவிட்டதாக ஒரு பொய்ச் செய்தி பரவியது. அவர் நலமாக இருப்பதை வீடியோ எடுத்துக் காட்டித்தான் அதை அடக்க முடிந்தது. மறு ஆண்டு பத்ம பூஷண் வாங்கினார். 2020 டிசம்பர் 3 அன்று, 97 வயதில், ஜனக்புரியில் தம் தாயார் பெயரில் தாமே நிறுவிய மாதா சனன் தேவி மருத்துவமனையில் காலமானார்.

எம்.டி.எச். பங்குச் சந்தையில் இல்லாத குடும்பக் கம்பெனி. முதலாளியின் உடல்நிலை பற்றி யாருக்கும் அறிக்கை கொடுக்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. ஆனாலும் ஜனங்கள் பதறினார்கள். ஆலையில் வேலை செய்பவருக்கு அது சம்பளக் கவலை. சரக்கு எடுக்கும் கடைக்காரருக்கு வியாபாரக் கவலை. அந்த முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பழகிய வீட்டுப் பெண்மணிக்கு உள்ளபடியே மனக் கஷ்டம். மூன்றும் நியாயமானவை. விசாரிப்பவரை எரிச்சலோடு பார்க்கிற செக்ரட்டரி எழுதும் அறிக்கையில் அந்த எரிச்சல் தெரிந்துவிடும்.

நம் பேட்டையிலேயே பாருங்கள். பாங்க் ஸ்ட்ரீட் நகைக்கடையிலோ டாங்க் ரோடு மொத்த வியாபாரத்திலோ முதலாளி லாலாஜி ஒரு வாரம் கல்லாவில் வந்து உட்காரவில்லை என்றால், கடனுக்குச் சரக்கு கொடுத்தவர்கள் டீ குடிக்கிற சாக்கில் கடைக்குள் வந்து எட்டிப் பார்ப்பார்கள். பாசமும் உண்டு, பாக்கித் தொகையும் உண்டு. பெரிய கம்பெனியில் பங்குதாரர் கேட்பதும் அதே கேள்விதான்.

2. உடம்பைப் பற்றிய கேள்வியையும் வேலையைப் பற்றிய கேள்வியையும் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

என்ன நோய், எந்த மாத்திரை, எத்தனை தையல் என்பதெல்லாம் அந்த மனிதருக்கும் அவர் வீட்டாருக்கும் உரியவை. நோயாளியின் ரகசியத்தை மருத்துவர் வெளியிடக் கூடாது என்று 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளே சொல்கின்றன. ஆஸ்பத்திரியில் தெரிந்தவர் இருக்கிறார் என்று விசாரிக்கக் கிளம்பாதீர்கள். ராஜிந்தர் நகர் கங்கா ராம் ஆஸ்பத்திரி நமக்குப் பக்கத்தில்தான். பெரிய மனிதர் யாராவது சேர்ந்தால் வாசலில் காமிராக்கள் குவிவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கூட்டத்தில் உங்களுக்கு இடமில்லை.

இன்று காசோலையில் யார் கையெழுத்துப் போடுகிறார், வங்கியோடு யார் பேசுகிறார், அவர் எப்போது திரும்புவார், திரும்பாவிட்டால் யார் என்பவை வேறு வகைக் கேள்விகள். பிறருடைய பணத்தை வைத்துத் தொழில் செய்யும் கம்பெனி இவற்றுக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். நான் இந்தத் தொழிலில் பார்த்த குழப்பங்களில் பாதி, இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருப்பதற்கு முதல் கேள்வியின் அந்தரங்கத்தைக் காரணம் காட்டியதால் வந்தவை.

3. சட்டத்தை விரல் நுனியில் வைத்திருங்கள். அன்றைக்குப் புத்தகம் புரட்ட நேரம் இருக்காது.

பட்டியலிட்ட கம்பெனிகளுக்கு செபி 2023-இல் புதிதாக ஒரு விதி சேர்த்தது. நிர்வாக இயக்குநரோ தலைமைச் செயல் அதிகாரியோ எந்தத் தொடர் 90 நாளிலும் 45 நாளுக்கு மேல் தம் பொறுப்பை வழக்கம்போல் கவனிக்க முடியாமல் போனால், அதைக் காரணத்தோடு பங்குச் சந்தைக்குத் தெரிவிக்க வேண்டும். இதை நம் பிள்ளைகள் தவறாகப் படிக்கிறார்கள். 45 நாள் தொடர்ந்து படுத்திருந்தால்தான் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இருபது நாள் ஆஸ்பத்திரி, பத்து நாள் அலுவலகம், மறுபடி முப்பது நாள் வீடு என்றாலும் கணக்கில் வந்துவிடும். வருகைக் கணக்கை நீங்கள்தான் வைத்திருக்க வேண்டும், வேறு யாரும் வைக்க மாட்டார்கள். 45 நாள் என்பது கடைசி எல்லைதான். அதற்கு முன்பே விஷயம் முக்கியமானது என்றால் அதுவரை வாயை மூடிக்கொண்டிருக்கலாம் என்று அந்த விதி அனுமதி தரவில்லை.

அதே ஆண்டு இன்னொன்றும் வந்தது. அந்தப் பதவி காலியானால் மூன்று மாதத்துக்குள் நிரப்ப வேண்டும். மேலும் சந்தை மதிப்பில் முதல் 100 கம்பெனிகளுக்கு 2024 ஜூன் 1 முதலும், முதல் 250 கம்பெனிகளுக்கு அதே ஆண்டு டிசம்பர் 1 முதலும் வதந்தி விதி நடைமுறைக்கு வந்தது. பங்கு விலையைக் குறிப்பிடத்தக்க அளவு அசைக்கிற செய்தி பெரிய ஊடகங்களில் வந்தால், விதி சொல்கிற 24 மணி நேரத்துக்குள் உண்டு அல்லது இல்லை என்று சொல்ல வேண்டும்.

பலர் மறந்துவிடுகிற ஒரு பிரிவு கம்பெனிச் சட்டத்தில் இருக்கிறது. 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 167-ஆவது பிரிவுப்படி, ஓர் இயக்குநர் 12 மாத காலத்தில் நடந்த போர்டு கூட்டங்கள் அத்தனைக்கும் வராவிட்டால் அவருடைய பதவி தானாகவே போய்விடும். விடுப்புக் கடிதம் கொடுத்திருந்தாலும் தப்பிக்க முடியாது. நீண்ட சிகிச்சையில் இருப்பவருக்கு இது தெரியாது, அவர் வீட்டாருக்கும் தெரியாது. 173-ஆவது பிரிவின்படி வீடியோ மூலம் கலந்துகொண்டாலும் வருகைதான். உடம்பு இடம்கொடுக்கிற ஒரு நாளில், மருத்துவர் சம்மதத்தோடு, அரை மணி நேரக் கூட்டமாக வைத்து அவரை இணைத்துக்கொள்ளுங்கள். வாழ்நாள் முழுக்க உழைத்து உண்டாக்கிய பதவியை ஒருவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி, தமக்கே தெரியாமல் இழக்க விடாதீர்கள்.

4. முதல் அறிக்கையில் தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள்.

கஃபார் மார்க்கெட்டில் பழைய ஐஃபோனைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருக்கும் பையன்களைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் போனை உலகுக்குக் கொடுத்த ஸ்டீவ் ஜாப்ஸின் கதையைச் செக்ரட்டரிகள் ஒருமுறை நிதானமாகப் படிக்க வேண்டும். கணையத்தில் கட்டி இருப்பது 2003 அக்டோபரில் கண்டுபிடிக்கப்பட்டது. வெளியுலகுக்குத் தெரிந்ததோ 2004 ஆகஸ்ட் 1 அன்று, அறுவை சிகிச்சை முடிந்த பிறகு, அவர் ஊழியர்களுக்கு எழுதிய மின்னஞ்சல் வழியாக. 2008-இல் அவர் மெலிந்து காணப்பட்டதும் பேச்சு மறுபடி கிளம்பியது. அந்த அக்டோபரில் அவருக்கு மாரடைப்பு என்று பொதுமக்களே செய்தி எழுதும் இணையப் பக்கம் ஒன்றில் யாரோ எழுதிவிட, அவர் கம்பெனியின் பங்கு விலை சட்டென்று சரிந்து, மறுப்பு வந்த பிறகே மீண்டது. மௌனம் நீண்டிருந்ததால்தான் யாரோ எழுதிய ஒரு வரிக்கு அவ்வளவு பலம் கிடைத்தது என்பது என் கருத்து.

பிறகு 2009 ஜனவரி 5 அன்று, ஹார்மோன் கோளாறுதான், சிகிச்சை எளிது என்ற பொருளில் ஜாப்ஸின் கடிதம் வந்தது. ஒன்பதே நாளில், ஜனவரி 14 அன்று, நினைத்ததைவிடச் சிக்கலாக இருக்கிறது, ஜூன் இறுதி வரை விடுப்பு என்று இன்னொரு கடிதம். இரண்டாவது கடிதத்தை முதலிலேயே எழுதியிருந்தால் சந்தை ஒருமுறைதான் பயந்திருக்கும். அந்த விடுப்பில் அவருக்குக் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. அதுவும் பத்திரிகையில் வந்த பிறகே ஆஸ்பத்திரி உறுதி செய்தது.

ஆகவே, வீட்டார் தருகிற நம்பிக்கையை அறிக்கையில் ஏற்றாதீர்கள். “விரைவில் திரும்புவார்” என்று எழுதும் முன் அந்த “விரைவில்” யார் சொன்னது என்று கேளுங்கள். “ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டிருக்கிறார், இந்தத் தேதியிலிருந்து இன்னார் பொறுப்பைக் கவனிப்பார், அடுத்த தகவல் கிடைத்ததும் தெரிவிப்போம்” என்ற மூன்று வரி போதும். அமெரிக்காவின் யுனைடெட் விமானக் கம்பெனியில் தலைமைப் பொறுப்பேற்ற சில வாரங்களிலேயே, 2015 அக்டோபரில், ஆஸ்கர் முன்யோஸுக்கு மாரடைப்பு வந்தது. சில நாளில் பிரெட் ஹார்ட் தற்காலிகமாகப் பொறுப்பேற்றார். இதயமே மாற்றப்பட்டு, 2016 மார்ச்சில் முன்யோஸ் முழுநேர வேலைக்குத் திரும்பினார். இடையில் நாற்காலியில் யார் இருக்கிறார் என்ற கேள்விக்கு இடமிருக்கவில்லை.

5. ஆஸ்பத்திரியிலிருந்து வரும் கையெழுத்தை வாங்காதீர்கள்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், பெரியவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தபோது, அவர் கையெழுத்திட்ட தீர்மானம் என்று ஒரு தாளை அவருடைய நெருங்கிய உறவினர் என் மேஜையில் வைத்தார். தேதி இல்லை. நேரில் பார்க்காமல் பதிவேட்டில் ஏற்ற மாட்டேன் என்றேன். “நாற்பது வருஷமாக உப்பைத் தின்றவர்கள் இப்படிப் பேசலாமா” என்று கேட்டார்கள். மனது வலித்தது. ஆனாலும் தாளைத் திருப்பிக் கொடுத்தேன். விசுவாசம் கம்பெனிக்கு உரியது. உறவினர் அழுதால் பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதல் சொல்லுங்கள், தண்ணீர் கொடுங்கள், பேனாவை மட்டும் கொடுக்காதீர்கள். நோயாளிக்கு நினைவு தெளிவாக இருக்கிறதா என்பதை மருத்துவர்தான் எழுத்தில் சொல்ல வேண்டும்.

6. யார் யாருக்குத் தெரியும் என்று அன்றைக்கே பெயர் எழுதுங்கள்.

தலைவரின் கடும் நோய் பங்கு விலையை அசைக்கக்கூடிய தகவல் என்றால், அது வெளியாகும் வரை தெரிந்தவர் எவரும் பங்கை வாங்கவோ விற்கவோ கூடாது. அப்படி விற்றால் உள்தகவல் வியாபாரம் என்ற குற்றம் ஆகிவிடும். வர்த்தகச் சாளரத்தை மூடுங்கள். தகவல் பகிரப்பட்டவர்கள் பட்டியலைப் பதிவேட்டில் ஏற்றுங்கள். டிரைவர், நேர்முக உதவியாளர், மருமகன், காப்பீட்டுப் பிரிவு எழுத்தர் என்று எல்லோரையும் நினைத்துப் பாருங்கள். உங்கள் வீட்டில் சாப்பாட்டு மேஜையில் வாய் தவறிச் சொன்னாலும் அந்தப் பட்டியல் நீண்டுவிடும்.

7. பொய்யான மறுப்பில் கையெழுத்துப் போடாதீர்கள்.

2024 அக்டோபர் 7 அன்று ரத்தன் டாடா மும்பை ஆஸ்பத்திரியில் அபாய நிலையில் இருப்பதாகச் செய்தி பரவியது. வயதுக்கேற்ற பரிசோதனைகள்தான், கவலைப்பட ஒன்றுமில்லை என்று அவர் பெயரில் பதிவு வந்தது. 9-ஆம் தேதி இரவு அவர் காலமானார். ஓய்வு பெற்ற, 86 வயதுப் பெரியவருக்குத் தம்மைப் பற்றி அப்படிச் சொல்லிக்கொள்ள முழு உரிமை உண்டு, அதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். டாடா சன்ஸ் தலைமையை அவர் 2012-லேயே விட்டிருந்தார். 2017 முதல் அந்த நாற்காலியில் நம் நாமக்கல் மாவட்டம் மோகனூரைச் சேர்ந்த என். சந்திரசேகரன் இருந்தார். கம்பெனிகள் யார் கையில் என்று அன்றிரவு எவரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. டாடா அறக்கட்டளைகளின் தலைமைக்கும் இரண்டே நாளில் நோயல் டாடா தேர்ந்தெடுக்கப்பட்டார்.

பதவியில் இருக்கும் தலைவரைப் பற்றிக் கம்பெனியே மறுப்பு எழுதும்போது கதை வேறு. 2018 ஜூலை 21 அன்று ஃபியட் கிரைஸ்லர் தன் தலைமை அதிகாரி செர்ஜியோ மார்க்கியோனேவுக்குப் பதிலாக வேறொருவரை நியமித்தது. நான்கு நாளில் அவர் இறந்தார். ஓராண்டுக்கு மேலாக அவருக்குத் தீவிர நோய்க்குச் சிகிச்சை அளித்து வந்ததாக சூரிக் ஆஸ்பத்திரி சொன்னது. எங்களுக்குத் தெரியாது என்றது கம்பெனி. அது உண்மையாகவே இருக்கலாம். அப்படியானால், தலைவர் தம் போர்டிடம் சொல்லத் துணியாத சூழல் அங்கே இருந்திருக்கிறது. தலைவர் நோயைச் சொன்னால் அவருடைய பதவிக்கு ஆபத்து வராது என்ற நம்பிக்கையைப் போர்டு முன்கூட்டியே கொடுக்க வேண்டும். அதற்கு நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. எல்லோரும் ஆரோக்கியமாக இருக்கும் ஓர் ஆண்டில், நோய் விடுப்பு, தற்காலிகப் பொறுப்பு, சம்பளம், திரும்பும் முறை ஆகியவற்றை எழுதி ஒரு கொள்கையாகப் போர்டில் நிறைவேற்றி வையுங்கள்.

8. அடுத்தவர் யார் என்று கேட்பதை அபசகுனமாக நினைக்காதீர்கள்.

நம் ஆட்களுக்கு இது கஷ்டம். மனிதர் உயிரோடு இருக்கும்போதே வாரிசைப் பேசலாமா என்பார்கள். திருபாய் அம்பானிக்கு 1986-இல் முதல் பக்கவாதம் வந்தது, வலது கை செயலிழந்தது. அதற்குப் பிறகு 16 ஆண்டு இருந்தார், ரிலையன்ஸ் மேலும் மேலும் வளர்ந்தது. 2002 ஜூனில் இரண்டாவது பக்கவாதம், ஜூலை 6 அன்று மறைவு. உயில் இல்லை. மூத்த மகனுக்கும் இளைய மகனுக்கும் வந்த சண்டை நாடறிந்தது. 2005-இல் தாயார் கோகிலாபென் நடுவில் நின்று பிரித்துக்கொடுக்கும் வரை லட்சக்கணக்கான சிறு பங்குதாரர்கள் பத்திரிகையைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தார்கள். அந்த 16 ஆண்டில் எந்த ஒரு மாலையிலும் எழுதியிருக்கக்கூடிய தாள் அது.

9. திரும்பி வரும் நாளைக் கொண்டாட்டமாக ஆக்காதீர்கள்.

எல்லோரும் நோய்வாய்ப்பட்ட நாளைப் பற்றியே யோசிக்கிறார்கள். திரும்பி வருகிற நாள் அதைவிடச் சிக்கலானது. மாலை, மேளம், போட்டோ, அன்றே மூன்று கூட்டம். மறுவாரம் மறுபடி ஆஸ்பத்திரி. லண்டன் லாயிட்ஸ் வங்கியின் தலைமை அதிகாரி அன்டோனியோ ஹோர்ட்டா ஓசோரியோ 2011 நவம்பரில் தூக்கமின்மையாலும் கடும் களைப்பாலும் விடுப்பில் போனார். செய்தி வந்த அன்று பங்கு விலை இறங்கியது. மருத்துவ ஆலோசனை பெற்று, அவர் தகுதியாக இருக்கிறார் என்று திருப்தியடைந்த பிறகே போர்டு அவரை 2012 ஜனவரியில் திரும்ப அழைத்தது. அவர் நேரடியாகக் கவனித்துவந்த பொறுப்புகளையும் குறைத்தார்கள். எனக்கு இதில் பிடித்தது கடைசி அம்சம். ஆளைச் சரிசெய்து பழைய சுமையையே தலையில் ஏற்றாமல், சுமையைப் பிரித்தார்கள்.

நீங்களும் அப்படிக் கேளுங்கள். முதல் மாதம் எத்தனை மணி நேரம்? விமானப் பயணம் உண்டா? தற்காலிகப் பொறுப்பாளரின் அதிகாரம் எந்தத் தேதியோடு முடிகிறது? இந்தத் தேதியை எழுதாமல் விட்டால் ஒரே கம்பெனியில் இரண்டு தலைவர்கள் உத்தரவு போடுவார்கள், வங்கி இரண்டு பேரின் கையெழுத்தையும் திருப்பி அனுப்பும்.

10. சக்கர நாற்காலியைக் கண்டு ஒருவரை எடைபோடாதீர்கள், பிறரையும் போட விடாதீர்கள்.

பங்கு முதலீட்டாளர் ராகேஷ் ஜுன்ஜுன்வாலா 2022 ஆகஸ்ட் 7 அன்று ஆகாசா விமானக் கம்பெனியின் முதல் பயணத்துக்குச் சக்கர நாற்காலியில் வந்தார். ஒரு வாரத்தில் மறைந்தார். கடைசி வரை அவருடைய மனது வேலையில் இருந்ததை நாடு பார்த்தது. கை நடுங்குவதும் குரல் தேய்வதும் தீர்மானம் எடுக்கும் திறனைப் பற்றி எதுவும் சொல்லாது. கூட்டத்தில் அவர் நிற்க முடியாவிட்டால் எல்லோரும் உட்கார்ந்து பேசும்படி ஏற்பாடு செய்யுங்கள். எழுத்தைப் பெரிதாக அச்சடியுங்கள். நடுவில் பத்து நிமிடம் இடைவேளை விடுங்கள். இதற்கெல்லாம் தீர்மானம் வேண்டியதில்லை, உங்களுக்குத் தோன்றினால் போதும்.

11. தொலைபேசியை நீங்களே எடுங்கள்.

வருங்கால வைப்பு நிதியில் வந்த பணத்தை உங்கள் கம்பெனிப் பங்கில் போட்ட பெரியவர் ஒருவர் கூப்பிடுவார். கரோல் பாக்கிலும் அப்படிப் பலர் இருக்கிறார்கள், அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்ற நம்மவர்கள்தான். “அவர் எப்படியப்பா இருக்கிறார்?” என்றுதான் முதலில் கேட்பார், பங்கு விலையை அப்புறம்தான் கேட்பார். பங்குச் சந்தைக்குக் கொடுத்த அறிவிப்பில் இல்லாத ஒரு சொல்லையும் அவரிடம் கூடுதலாகச் சொல்லக் கூடாது, சொன்னால் மற்றப் பங்குதாரர்களுக்கு அநியாயம். அதற்காக “வெப்சைட்டில் பாருங்கள்” என்று வைத்துவிடாதீர்கள். அறிவிப்பை எடுத்து வைத்துக்கொண்டு, அவருக்குப் புரிகிற மொழியில், வரி வரியாக வாசித்துச் சொல்லுங்கள். இப்போது யார் பொறுப்பில் இருக்கிறார் என்ற வரியை இரண்டு முறை வாசியுங்கள். அடுத்த அறிவிப்பு வந்ததும் கூப்பிடுவதாகச் சொன்னால், அவருடைய எண்ணைக் குறித்து வைத்துக் கட்டாயம் கூப்பிடுங்கள்.